மலைமேல் பறக்கிற மோட்டாருக்கு ஈஎஸ்சி செட்டிங் போடுவது எப்படி

கீழே கோயம்புத்தூரில் ஜம்மென்று ஏறிய ரேடியோ கன்ட்ரோல் பொம்மை ப்ளேன், இங்கே கோத்தகிரிக்குக் கொண்டுவந்தால் புல்மேட்டைத் தாண்டவே திணறுகிறது, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சியில் (எலக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலர்) எதை மாற்றினால் சரியாகும் என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. கேட்கும்போதே பாதிப்பேர் டைமிங்கை ‘ஹை’யில் தூக்கி வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ப்ளேனை முன்னே இழுக்கிற இழுவை சொல்லிக்கொள்ளும்படி கூடியிருக்காது. மோட்டாரைத் தொட்டால் கை சுடும்.

நான் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். இலை வாட்டும் ட்ரஃப் ஃபேன், இலை நறுக்கும் சிடிசி, டிரையர் என்று ஷிஃப்ட் முழுக்க மூன்று ஃபேஸ் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மோட்டார்தானா என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஃபேக்டரியில் ஃபேனை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டுகிற டிரைவ் பெட்டி செய்கிற வேலையைத்தான் ஈஎஸ்சியும் செய்கிறது. டிசியை வெட்டி வெட்டி மூன்று ஃபேஸாக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரண ஃபேக்டரி மோட்டாரில் ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவுக்குத் தெரிய வேண்டியதில்லை. ப்ரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த காயிலுக்குக் கரண்ட் விட முடியும். நாம் ப்ளேனில் போடும் மோட்டார்களில் அதற்கென்று சென்சார் இருப்பதில்லை. மூன்று ஒயரில் இரண்டில் கரண்ட் ஓடும்போது, சும்மா இருக்கிற மூன்றாவதில் சுழற்சியால் எழும் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் ஈஎஸ்சி இடத்தைக் கணிக்கிறது. டைமிங், ஸ்டார்ட் மோட் எல்லாம் இந்தக் கணிப்பைச் சுற்றி வருகிற செட்டிங்தான். காற்று மெலிந்து போனதற்கு அவற்றில் மருந்து இல்லை.

முதலில் காற்று, அப்புறம் ப்ராப்

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ப்ராப் (ப்ளேன் மூக்கில் சுற்றுகிற விசிறி), அதே சுற்று என்றால் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். சுமை குறைவதால் மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். ஆனால் அது இழந்ததை ஈடுகட்டாது. மீட்டரில் ஆம்பியரும் குறைவாகவே காட்டும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘கரண்ட் கம்மியாகத்தானே இழுக்கிறது, பெரிய ப்ராப் போட்டால் என்ன’ என்று 10 அங்குலத்தைக் கழற்றிவிட்டு 11 போடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே சுற்றில் ப்ராப் தருகிற இழுவை விட்டத்தின் நான்காம் அடுக்காகவும், மோட்டார் மேல் ஏறுகிற சுமை ஐந்தாம் அடுக்காகவும் கூடும். 10 அங்குலத்தை 10.5 ஆக்கினாலே ஊட்டியில் இழந்த இழுவை கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வந்துவிடும், சுமையும் கடல் மட்டத்தில் 10 அங்குலம் கொடுத்த அளவுக்கே வந்து நிற்கும். 11 போட்டால் ஊட்டிக் காற்றிலேகூட சுமை 30 சதவீதம் கூடிவிடுகிறது. அதே ப்ராப்போடு கடற்கரைப் பக்கம் போனால் 60 சதவீதம். சுமை ஏறினால் சுற்று கொஞ்சம் இறங்கிவிடும் என்பதால் மீட்டரில் அத்தனையும் தெரியாது. மோட்டார் சூட்டில் தெரியும்.

கடையில் 10.5 அங்குல ப்ராப் சுலபமாகக் கிடைப்பதில்லை என்பது வேறு சங்கதி. அதனால் நான் விட்டத்தைத் தொடாமல் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றுக்கு ப்ராப் முன்னேறுகிற அங்குலக் கணக்கைக் கூட்டுகிற கட்சி. 10×4.5 (விட்டம்×பிட்ச்) இருந்த இடத்தில் 10×6. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெல்லிய காற்றில் அதே எடையைத் தாங்க ப்ளேன் வேகமாகப் பறந்தாக வேண்டும். ஊட்டி உயரத்தில் அது சுமார் 12 சதவீதம். வேகமாகப் பறக்கிற ப்ளேனுக்குப் பிட்ச் கூடிய ப்ராப்தான் பொருந்தும். இறங்கும்போதும் அதே 12 சதவீதம் கூடுதல் வேகத்தில்தான் தரைக்கு வரும். கீழே பழகியவர்கள் இங்கே முதல் தடவை இறக்கும்போது மைதானத்தைத் தாண்டிப் போய்த் தேயிலைச் செடிமேல் உட்காருவது இதனால்தான். அவர்கள் கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

3எஸ் (மூன்று செல்) பேட்டரியை எடுத்துவிட்டு 4எஸ் (நான்கு செல்) போடலாமே என்றும் கேட்பார்கள். அதே ப்ராப்போடு செய்தால் பவர் கடல் மட்டத்தில் 3எஸ் கொடுத்ததைவிட ஊட்டிக் காற்றிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். வேண்டாம்.

ப்ராப் மாற்றினால் வாட் மீட்டர் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் மாட்டுகிற சாதாரண மீட்டர் போதும். ப்ளேனைக் கெட்டியாகக் கட்டிவிட்டு, முழு சார்ஜ் உள்ள பேட்டரியில் முழு த்ராட்டில், பத்து வினாடி. ஆம்பியரைக் குறித்துக்கொண்டு உடனே நிறுத்திவிட்டு மோட்டாரையும் ஈஎஸ்சியையும் தொட்டுப் பாருங்கள். ஈஎஸ்சி மேல் 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 22, 23-க்கு மேல் போக விடாமல் வைத்துக்கொள்வது நல்லது. மலைக் குளிர் ஈஎஸ்சிக்கு உதவும் என்பது பாதி உண்மை. காற்று குளிராக இருக்கிறது, ஆனால் மெல்லியதாகவும் இருக்கிறது, சூட்டை வாரிக்கொண்டு போகிற சரக்கு அதில் குறைவு. அரை த்ராட்டிலில் பறந்தால் சூடு பாதியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வெட்டி வெட்டிக் கொடுக்கிற வேலை அப்போதுதான் ஈஎஸ்சிக்கு அதிகம்.

இன்னொன்று, ஈஎஸ்சி தாங்கும் என்பதால் மோட்டார் தாங்கும் என்றில்லை. காலேஜ் பையன்கள் கையில் சகஜமாகப் புழங்கும் 2212 வகை 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டாரைப் பெரும்பாலும் 30 ஆம்பியர் ஈஎஸ்சியோடு சேர்த்து விற்கிறார்கள். அந்த மோட்டாரின் தாளில் பொதுவாகப் போட்டிருப்பது 12 ஆம்பியர், அதுவும் 60 வினாடிக்கு. முதலில் எரியப் போவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமிங்

காயிலில் கரண்ட் ஏற ஒரு நொடித்துளி நேரம் பிடிக்கும். காந்தம் வந்து சேர்ந்த பிறகு கரண்ட் விட்டால் அது ஏறி முடிப்பதற்குள் காந்தம் தாண்டிப் போய்விடும். ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன் பஸ் இப்போது இருக்கிற இடத்தைப் பார்த்து ஓட மாட்டான், வரப்போகிற இடத்தைப் பார்த்துத்தான் ஓடுவான். அப்படி எத்தனை டிகிரி முன்கூட்டிக் கரண்ட் விடுவது என்பதுதான் டைமிங். லோ, மீடியம், ஹை என்று மூன்று இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் டிகிரி மாறும். மீடியம் என்பது பெரும்பாலும் 15-ஐ ஒட்டி இருக்கும்.

எவ்வளவு முன்கூட்ட வேண்டும் என்பது மோட்டார் கண்ணுக்குத் தெரிய எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஈஎஸ்சி ஒரு நிமிடத்தில் எத்தனை மின்சுற்று (ஒரு ஜோடிக் காந்தம் கடந்தால் ஒரு மின்சுற்று) முடிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம்முடைய 1000 கேவி மோட்டார் வெளிக்கூடு சுற்றுகிற வகை, உள்ளே 14 காந்தம், அதாவது 7 ஜோடி. 3எஸ் பேட்டரியில் 11.1 வோல்ட். 1000-ஐ 11.1-ஆல் பெருக்கி 7-ஆல் பெருக்கினால் 77,700. இதற்குப் பதிலாக உள்ளே சுற்றுகிற வகையில் 3000 கேவி, ஒரே ஜோடிக் காந்தம் உள்ள மோட்டாரை எடுத்துக்கொண்டால் 33,300 தான். இரண்டுமே சுமையில்லாத கணக்கு. மூன்று மடங்கு வேகமாகச் சுற்றுகிற மோட்டாருக்கு ஈஎஸ்சியின் வேலை பாதிகூட இல்லை. ஆகவே, ஒரு ஜோடிக் காந்தம் என்றால் லோ. 12, 14 காந்தம் உள்ள வெளிச்சுற்று மோட்டார் என்றால் மீடியம். முதலில் இதிலேயே நிறுத்துங்கள்.

ஹை போட்டால் உச்ச சுற்று சில சதவீதம் கூடும். ஆம்பியர் அதைவிட வேகமாகக் கூடும். மீடியத்தில் மோட்டார் திக்கினால் மட்டும் ஹை. வேகம் போதவில்லை என்பதற்காக ஹை போடுகிறவரிடம் நான் ப்ராப்பை மாற்றச் சொல்வேன்.

திக்குவது என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். போன சீசனில் கோயம்புத்தூர் இன்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருவன் ஃபோம் ப்ளேனோடு வந்தான். பாதி த்ராட்டில் வரை வெண்ணெய் மாதிரி ஓடியது. சட்டென்று முழுக்கக் கொடுத்ததும் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம், ப்ராப் ஒரு கணம் நின்று பின்னால் அசைந்து, மறுபடி பிடித்தது. ஈஎஸ்சி காந்தத்தின் இடத்தைத் தவற விட்டுவிட்டது என்று அர்த்தம்.

“டைமிங் என்ன போட்டிருக்கே?”

“லோ-ண்ணா. லோ போட்டா சூடாகாதுன்னு வீடியோல சொன்னாங்க.”

“யார் மோட்டாருக்குச் சொன்னாங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “அது கார் மோட்டாருண்ணா.”

செட்டிங்கைத் தொடுவதற்கு முன்னால், மோட்டார் ஒயரை ஈஎஸ்சியோடு சேர்க்கிற மூன்று புல்லட் கனெக்டரையும் விரலால் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வெதுவெதுப்பு, நடுவில் இருந்தது சுட்டது. ஷ்ரிங்க் டியூபைக் கிழித்தால் சாலிடர் பளபளப்பே இல்லாமல் சாம்பல் நிறத்தில் பொரிந்துபோய் இருந்தது. ஒரு ஃபேஸ் சரியாக ஒட்டாவிட்டால் எந்த டைமிங்கும் வேலைக்கு ஆகாது. அதை வழித்துவிட்டுப் புதிதாக ஈயம் வைத்தோம். சத்தம் குறைந்தது, போகவில்லை. டைமிங்கை மீடியம் ஆக்கினோம். பறக்கிற மாதிரி த்ராட்டில் ஏற்றினால் சரியாக இருந்தது, வேண்டுமென்றே ரேடியோவின் த்ராட்டில் குச்சியை அடித்து ஏற்றினால் எப்போதாவது ஒரு திக்கல். அப்போதுதான் ப்ராப்பைப் பார்த்தேன், 11 அங்குலம். மலைக் காற்று மெல்லியது என்று யாரோ சொல்லி மாட்டியிருக்கிறான். 10×6 மாட்டியதும் திக்கல் போயிற்று. கனெக்டர், டைமிங், ப்ராப் என்ற இதே வரிசையில்தான் எப்போதும் பார்ப்பேன். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது நோய் என்று கடைசிவரை தெரியாது.

குளிரும் கட்ஆஃபும்

கட்ஆஃப் என்பது பேட்டரி வோல்ட்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் மோட்டாருக்குப் பவரைக் குறைக்கிற அல்லது நிறுத்துகிற ஏற்பாடு. லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் செத்துப் போகாமல் இருக்கவும், ரேடியோ சிக்னலை வாங்குகிற ரிசீவருக்கும் இறக்கை, வால் மடலை அசைக்கிற சர்வோவுக்கும் மிச்சம் கரண்ட் இருக்கவும்தான் அது. பல ஈஎஸ்சிகளில் செல் ஒன்றுக்கு 2.8, 3.0, 3.2 என்ற அளவுகளை ஒட்டி மூன்று தேர்வு இருக்கும்.

கீழே 3.2 போடுவது நல்ல பழக்கம். இங்கே டிசம்பர், ஜனவரி காலையில் அது தொல்லை. புல்மேல் உறைபனி கிடக்கிற நேரத்தில் வண்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த லிப்போவை எடுத்து மாட்டினால், உள்தடை ஏறியிருக்கும். கீழே முழு த்ராட்டிலில் செல்லுக்கு 0.2 வோல்ட் இறங்குகிற பேட்டரி இங்கே 0.5 கூட இறங்கும். பாதிச் சார்ஜ் இருக்கும்போதே ஈஎஸ்சி காலி என்று முடிவு கட்டிவிடும். ப்ளேன் அப்போது பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும்.

இதற்கு நேராகக் கட்ஆஃபை 2.8-க்கு இறக்குகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேட்டரியைச் சூடாக வைத்திருப்பதுதான் வழி. ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போய், பறக்க விடும் நேரத்தில் மாட்டினாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் அரை நிமிடம் முழு த்ராட்டில் கொடுக்காமல் ஓட்டினால் ஓடுகிற கரண்டிலேயே பேட்டரி கொஞ்சம் சூடேறும். கட்ஆஃப் 3.0, அதாவது நடு அளவு. அதுவும் கடைசிப் பாதுகாப்புக்கு மட்டும்தான். ரேடியோவில் டைமர் வைத்து, இறக்கிய பின் செல் 3.7-க்குக் கீழே போகாதபடி நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். 18650, 21700 மாதிரி உருளை லித்தியம்-அயான் செல் போடுகிறவர்களுக்கு மட்டும் குறைந்த அளவு பொருந்தும், அந்த செல்கள் இன்னும் கீழே இறங்கத் தாங்கும்.

கட்ஆஃப் எப்படி என்பதிலும் இரண்டு உண்டு. ஒன்று பவரை மெல்லக் குறைக்கும், மற்றொன்று பட்டென்று நிறுத்தும். மலையில் பட்டென்று நிறுத்துவதைப் போடவே போடாதீர்கள். சமதரையில் மோட்டார் நின்றால் ப்ளேன் வயலில் இறங்கும். இங்கே சோலைக்குள் போய்விடும், கூடவே நாமும் அட்டைக் கடியோடு போக வேண்டும். மெல்லக் குறைத்தால் மேட்டுக்குத் திரும்பி வர அவகாசம் கிடைக்கும்.

பேட்டரி வகை ‘லிப்போ’ என்று இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தெரியாமல் ‘நிக்கல்’ என்று மாறிக் கிடந்தால், பல ஈஎஸ்சிகள் தொடக்க வோல்ட்டேஜில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்க்கும். முழு சார்ஜில் 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட், அதில் பாதி 6.3. செல்லுக்கு 2.1. பேட்டரியை அப்புறம் உப்பு நீரில் போட்டுத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிரேக், ஸ்டார்ட்

த்ராட்டிலை மூடியதும் ப்ராப்பை நிறுத்துவதுதான் பிரேக். மடங்கும் ப்ராப் உள்ள கிளைடர் என்றால் பிரேக் ஆன். ப்ராப் நின்றால்தான் மடங்கும், சுற்றிக்கொண்டே இருந்தால் விரிந்தபடியே காற்றைத் தடுக்கும். பிரேக்கின் பலத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் நடு அளவு போதும். பெரிய ப்ராப்பை முழு பலத்தில் அடித்து நிறுத்தினால் மடக்குகிற பின்னில் ஆட்டம் விழும். சாதாரண ப்ராப் உள்ள பழகு ப்ளேனுக்குப் பிரேக் வேண்டாம். சும்மா சுற்றுகிற ப்ராப் ஒரு தடை மாதிரி வேலை செய்து, சரிவான இடத்தில் சீக்கிரம் இறங்க உதவும். சக்கரம் இல்லாமல் வயிற்றால் இறக்குகிறவர்கள் மட்டும் ப்ராப் பிழைக்கட்டும் என்று போட்டுக்கொள்ளலாம். ஹெலிகாப்டருக்கு ஆஃப்.

ஸ்டார்ட் மோட் என்பது மோட்டார் எத்தனை சீக்கிரம் வேகம் எடுக்கும் என்பது. மூன்றில் நேராக மாட்டிய ப்ராப்புக்கு நார்மல். மடங்கும் ப்ராப், கியர் வைத்த மோட்டாருக்கு சாஃப்ட். சூப்பர் சாஃப்ட் என்பது ஹெலிகாப்டருக்கு, பல ஈஎஸ்சிகளில் முழு வேகம் எடுக்க 3 வினாடி ஆகும். சாஃப்ட் என்றால் ஒன்றரை. சரிவில் கிளைடரை இறக்க வந்து, காற்று மாறி, மறுபடி மேலே தூக்க வேண்டிய நேரத்தில் 3 வினாடி என்பது ஒரு ஆயுள். சரிவில் பறக்கிறவர்கள் சாஃப்ட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

தேயிலைச் செடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கவாத்து செய்த செடியின் கிளை விரல் தடிமனில் முறுக்கிக்கொண்டு நிற்கும். ப்ளேன் அதில் உட்கார்ந்ததும் ப்ராப் கிளைக்குள் சிக்கும். எடுக்க ஓடுகிற அவசரத்தில் கழுத்தில் தொங்குகிற ரேடியோவின் த்ராட்டில் குச்சி வயிற்றில் இடித்து ஏறிவிடும். சுற்ற முடியாத மோட்டாருக்குள் கரண்ட் பாயும். மோட்டார் 2 வினாடிக்குள் கிளம்பாவிட்டால் தானாக நிறுத்துகிற பாதுகாப்பு நிறைய ஈஎஸ்சிகளில் உண்டு, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ரேடியோவில் ஒரு சுவிட்ச்சை த்ராட்டில் கட் என்று வைத்து, இறங்கியதும் முதல் வேலையாக அதைத் தட்டிவிடுங்கள். ஈஎஸ்சிக்குள் இருக்கிற எந்த செட்டிங்கையும்விட இது அதிக ஈஎஸ்சிகளைக் காப்பாற்றும்.

பிடபிள்யூஎம் அலைவெண், அதாவது ஈஎஸ்சி நொடிக்கு எத்தனை தடவை கரண்ட்டை வெட்டுகிறது என்பது, கேட்டால் 8 கிலோஹெர்ட்ஸ் போதும். கேவி மிக அதிகமான சின்ன மோட்டாருக்கு 16 அல்லது அதற்கு மேல். கூட்டினால் சத்தம் மென்மையாகும், ஈஎஸ்சி கொஞ்சம் கூடுதலாகச் சுடும். சுற்றை ஒரே அளவில் பிடித்து வைக்கிற கவர்னர் ஹெலிகாப்டர்காரர்கள் கவலை.

ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுக்கிற பிஇசி என்ற பகுதி ஒரு செட்டிங் இல்லை என்றாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை. லீனியர் வகை என்றால் மிச்ச வோல்ட்டேஜை அப்படியே சூடாக்கி வெளியே விடும். 3எஸ் பேட்டரியில் சர்வோக்கள் எல்லாம் சேர்ந்து 1 ஆம்பியர் எடுத்தால் 6 வாட் சூடு அந்தக் குட்டிப் பலகைக்குள்ளேயே. நாலு சர்வோ இருந்தால் ஸ்விட்ச்சிங் வகையாக வாங்குங்கள்.

பீப் கேட்டு செட்டிங் மாற்றுவது

புரோகிராம் கார்டு (செட்டிங் மாற்றுவதற்கென்றே வருகிற பட்டன் பலகை) இருந்தால் லைட் பார்த்து அமுக்கிவிட்டுப் போகலாம். அதே கம்பெனிக் கார்டாக இருக்க வேண்டும். இல்லாதவர்கள் த்ராட்டில் குச்சியால்தான் மாற்ற வேண்டும். இந்த வேலையை வெளியே காற்றில் நின்று செய்யாதீர்கள். பீப் சத்தம் வருவது ஈஎஸ்சியிலிருந்து இல்லை, மோட்டார் காயிலிருந்து. மோட்டார் மாட்டாமல் பீப் வராது. மோட்டாரை மர மேசைமேல் ஒட்டினாற்போல் வைத்தால் மேசையே சேர்ந்து ஒலித்து நன்றாகக் கேட்கும். அதற்கு முன்னால், ப்ராப்பைக் கழற்றுங்கள். இதில் மட்டும் பேச்சே கிடையாது.

முதலில் த்ராட்டில் அளவை ஈஎஸ்சிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரேடியோவை ஆன் செய்து குச்சியை உச்சியில் வைத்து, பேட்டரியை மாட்டுங்கள். இரண்டு வினாடியில் ‘பீப் பீப்’. உடனே குச்சியைக் கீழே இறக்கினால் செல்லின் எண்ணிக்கைக்கு ஏற்ற பீப்பும், பிறகு ஒரு நீளமான பீப்பும் வரும். 3எஸ்-க்கு மூன்று பீப் வராவிட்டால் மேலே போகாதீர்கள், ஈஎஸ்சி எண்ணியது தப்பு என்றால் கட்ஆஃபும் தப்பு. குச்சி உச்சியில் இருந்தும் ‘பீப் பீப்’ வரவில்லை என்றால் த்ராட்டில் சேனல் தலைகீழாக இருக்கிறது. ஃபுட்டாபா ரேடியோவில் பெரும்பாலும் ரிவர்ஸ் போட வேண்டியிருக்கும்.

செட்டிங்குக்குள் போக, அந்த ‘பீப் பீப்’ வந்த பிறகும் குச்சியை இறக்காமல் இன்னும் 5 வினாடி பிடித்திருங்கள். ஒரு சின்ன இசை வரும். பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிடும். பரவலாகக் கிடைக்கிற ஈஎஸ்சிகளில் வரிசை இப்படி: ஒரு குட்டை பீப் பிரேக், இரண்டு பேட்டரி வகை, மூன்று கட்ஆஃப் விதம், நான்கு கட்ஆஃப் அளவு. ஒரு நீளம் என்றால் ஸ்டார்ட் மோட். நீளம் ஒன்று குட்டை ஒன்று என்றால் டைமிங். நீளம் ஒன்று குட்டை இரண்டு என்றால் எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்குத் திருப்புவது. இரண்டு நீளம் என்றால் வெளியே போவது. வேண்டியது கேட்டதும் 3 வினாடிக்குள் குச்சியைக் கீழே. இப்போது அதன் அளவுகள் வரும், டைமிங் என்றால் ஒரு பீப் லோ, இரண்டு மீடியம், மூன்று ஹை. வேண்டியதில் குச்சியை மேலே ஏற்றினால் பதிந்துவிட்டதாக ஒரு இசை. உடனே கீழே இறக்கினால் வெளியே வந்துவிடலாம்.

டைமிங்குக்குப் பக்கத்து வீடு ‘எல்லாம் பழையபடி’ என்பதைக் கவனியுங்கள். டைமிங் மாற்றப் போய் ஒரு பீப் தாமதித்துக் குச்சியை இறக்கினால், போட்ட பிரேக், கட்ஆஃப் எல்லாம் அழிந்துவிடும். அவசரப்பட வேண்டாம், தவறவிட்டால் வரிசை மறுபடி சுற்றி வரும். உங்கள் ஈஎஸ்சியில் வரிசை மாறியிருக்கலாம், பெட்டியில் மடித்து வைத்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

மஞ்சு இறங்கினால் பறக்க விடுவதை நிறுத்துங்கள். ப்ளேன் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்று. குளிர்ந்த ஈஎஸ்சியைச் சூடான காருக்குள் கொண்டுபோனால் அதன் மேல் ஈரம் பூக்கும், காய்வதற்குள் பேட்டரி மாட்டக்கூடாது என்பது இன்னொன்று. எங்கே பறக்கிறோம் என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு தொழிற்சாலைப் பக்கம், முதுமலை எல்லாம் ரேடியோவைக்கூட வெளியே எடுக்கக் கூடாத இடங்கள். மற்ற இடங்களுக்கும் 2021 ட்ரோன் விதிகளின்கீழ் வரைபடம் இருக்கிறது, புது இடம் என்றால் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

செட்டிங் முடிந்ததும் ஈஎஸ்சி மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி எழுதிவிடுவேன்: டைமிங் மீடியம், கட் 3.0 மெல்ல, பிரேக் ஆஃப், மேலே 10×6, கீழே 10×4.5. கடைசி இரண்டும்தான் முக்கியம். பறக்க விடக் கீழே போகும்போது ஈஎஸ்சியைத் தொடுவதில்லை, ப்ராப்பை மட்டும் மாற்றுவேன். 2212 மோட்டாரின் கூம்பு நட்டில் குறுக்கே ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஆலன் கீயைச் செருகித் திருப்பினால் ஒரு நிமிட வேலை. குஞ்சப்பனை தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் மாற்றிவிட்டு, மைதானத்தில் பத்து வினாடி மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கையை விடுவேன்.